கிழித்துப் போட்ட நாலு பக்கம்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கப்பா" என்று சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டார். எங்கள் வகுப்பில் ஒரு கையும் உயரவில்லை. "நமக்கெல்லாம் எங்கடா எழுத வரும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் அதே கேள்வியை ஐந்து வருஷமாக நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது.

எனக்கு வயது 24. ஐ.டி.ஐ. முடித்து, சிங்காநல்லூர் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, நேரடியாக இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்தவன். உங்களில் பாதிப் பேர் என்னை 'அண்ணா' என்றுதான் கூப்பிடுகிறீர்கள். சில நாள் அது இனிக்கும். சில நாள், 'இந்த வயசுல இதெல்லாம் தேவையா?' என்று குத்தும்.

அந்தப் பட்டறையில் ஒரு வயதான டர்னர் இருந்தார். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே, "டூல் மழுங்கிப் போச்சு கண்ணு" என்பார். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. அது போன கதையை ஒருநாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அன்று ராத்திரியே அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன். காலையில், "உங்களைப் பத்தி எழுதியிருக்கேனுங்க" என்று பெருமையாகச் சொல்லவும் செய்தேன். மனுஷன் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

மத்தியானம் எடுத்துப் படித்துப் பார்த்தேன். பத்திரிகையில் வருகிற கதை மாதிரி இல்லை. வர்ணனை இல்லை, தத்துவம் இல்லை. கூசிப் போயிற்று. கிழித்து வேஸ்ட் பஞ்சோடு போட்டுவிட்டேன்.

போன வருஷம் அவர் காலமானார். துக்கம் கேட்கப் போனபோது அவர் மகள் கேட்டார்: "அப்பாவைப் பத்தி என்னமோ எழுதுனீங்களாமா? சொல்லிட்டே இருப்பாருங்க. அதைக் கொஞ்சம் குடுக்க முடியுங்களாண்ணா?"

என்ன சொல்வேன்? திரும்ப எழுதிவிடலாம் என்று அன்றைக்கே உட்கார்ந்தேன். விபத்து ஞாபகம் இருக்கிறது. அதை அவர் சொன்ன வார்த்தைகள் ஞாபகம் இல்லை. அவை அந்த நாலு பக்கத்தில்தான் இருந்தன.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சந்தேகம் என்னைப் பற்றியது. பக்கமோ அவரைப் பற்றியது. என் மேல் எனக்கு இருந்த சந்தேகத்துக்கு அவருடைய பக்கத்தைக் கிழித்துவிட்டேன்!

எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வராமல் இருக்காது. காஃப்கா என்ற உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர், தன் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடும்படி நண்பர் மேக்ஸ் பிராடுக்கு எழுதி வைத்தார். 1924-இல் காஃப்கா இறந்தார். நண்பர் எரிக்கவில்லை, 1925-இல் 'விசாரணை' நாவல் அச்சில் வந்தது. அவருக்கே சந்தேகம் என்றால் நாம் எந்த மூலை!

வயதாகிவிட்டதே என்பவர்களுக்கு நம் கி.ராஜநாராயணன் இருக்கிறார். பள்ளிப் படிப்பையே முடிக்காத இடைசெவல் விவசாயி. முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத வந்தார். 1991-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றார். பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார்.

முதல் வருஷம் வெர்னியர் காலிப்பர் பிடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? முதலில் பூஜ்யப் பிழை பார்க்கச் சொல்வார்கள். பிழை இருந்தால் காலிப்பரைத் தூக்கி எறிகிறோமா? அதைக் குறித்துக்கொண்டு, அளவில் திருத்தி எழுதுகிறோம். சந்தேகமும் அப்படித்தான். குறித்துக்கொள்ளுங்கள், திருத்துங்கள். கிழிக்காதீர்கள்.

என் யோசனை இவ்வளவுதான். எழுதுங்கள், தேதி போடுங்கள், பெட்டிக்குள் வையுங்கள். ஒரு வருஷம் கழித்து எடுத்துப் படியுங்கள். அப்பாவின் தறியோ, அம்மாவின் இட்லிக் கடையோ, உங்களுக்கு வேலை கற்றுத் தந்தவரோ... அவர்களைப் பற்றி எழுத வேறு யாரும் வரப்போவதில்லை.

இது அந்த நாலு பக்கம் இல்லை. ஆனாலும் இந்த மலரில் ஒரு பிரதி அந்த வீட்டுக்குப் போகும்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்