வாசத்துக்கு வாடகை

மன்னார்க் கோட்டைக்கு அதிக தூரமில்லாத ஒரு தெருவில், பழைய வீடொன்றின்மேல் புதிதாக எழும்பியுள்ள மாடியில் இருவர் மூவராகச் சேர்ந்து தங்குவதற்கு அறைகள் உண்டென்றும், ஆறு மாத வாடகை முற்பணமாகத் தரப்படவேண்டுமென்றும், அரசாங்க உத்தியோகத்தருக்கு முன்னுரிமையென்றும் எழுதி, கடைசியில் தடித்த எழுத்தில் ‘மீன், கருவாடு சமைத்தல் ஆகாது’ என்றொரு நிபந்தனையையும் சேர்த்து மின்கம்பத்தில் ஒட்டியிருந்த கடதாசியை இந்த வாரம் வாசித்தது முதல் என் சித்தம் ஒருநிலையில் இல்லை. முற்பணத்தைக்கூட மன்னித்துவிடலாம், வெளியூரிலிருந்து வங்கிக்கும் கச்சேரிக்கும் வந்து சேரும் பிள்ளைகள் எப்படியாவது கடன்பட்டுக் கட்டிவிடுவார்கள். ஆனால் பேசாலைக் கரையில் கருவாடு காயவைத்துப் பிழைக்கும் ஒரு தீவில் இருந்துகொண்டு, கடலின் சரக்குகளை வாசற்படியிலேயே நிறுத்துகிற சுத்தத்தை எந்தச் சாஸ்திரம் விதித்ததோ!

கருவாட்டின் பொருட்டு இப்பத்தியில் நான் பலமுறை வழக்காடியிருப்பதை வாசகர் அறிவர். ஆகையால் இம்முறை சாட்சிக்கு ஒருவரை அழைக்கிறேன். அவர் யாரென்று ஊகித்து நீங்கள் சலித்துக்கொள்வதும் தெரிகிறது. ஆம், ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வுல்ஃப்தான். 1961-இல் வெளிவந்த அவருடைய ‘குரோயிங்’ என்னும் சுயசரிதப் பாகந்தான். யாழ்ப்பாணக் கச்சேரியில் இளம் உத்தியோகத்தராயிருந்த அவரை 1906-இல் முத்துக்குளிப்பு மேற்பார்வைக்காக மறிச்சுக்கட்டிக்கு அனுப்பினார்கள். ஆளரவமற்ற அந்த மணற்கரையில் கிடுகுக் கொட்டில்களால் திடீரென்று ஒரு பட்டணம் முளைத்தது. பாரசீக வளைகுடாவின் அராபியரும், தமிழரும், சோனகரும், முத்து வியாபாரிகளும், சம்மாட்டிகளுமாக இருபது முப்பதினாயிரம் பேர் அங்கே ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசித்துக் குடியிருந்தார்கள். குளிகாரருக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி. முத்தெடுக்கும் மார்க்கமோ, சிப்பியை நாட்கணக்கில் அழுகவிட்டு, புழு தின்று முடித்தபின் கழுவி அரிப்பது. அந்தத் துர்க்கந்தத்தையும் ஈக்களையும் பற்றி வுல்ஃப் எழுதியிருப்பதை வாசித்தால் நம் கருவாடு சந்தனமாகத் தோன்றும். இராணிகளின் கழுத்திலே கிடந்த முத்துக்களெல்லாம் அந்த நாற்றத்தைத் தாண்டி வந்தவைதாமே! அதற்கு நூறாண்டு முந்தி, முத்துப்பார்களைக் கண்காணிப்பதற்காக அரிப்பிலே ‘டொரிக்’ மாளிகையைக் கட்டிய தேசாதிபதி பிரெடரிக் நோர்த், அதைக் கடலோர மேட்டின்மேல் கட்டினார். இப்போது அம்மேட்டைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது.

வாடகையைப் பற்றி ஆரம்பித்தேனல்லவா? இக்கரையில் நடந்த மகா பெரிய வாடகைப் பேச்சும் அதே 1906-இல்தான். முத்துப்பார்கள் முழுவதையும் இருபது வருஷத்துக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபா வீதம், ஒரு கம்பனி குத்தகைக்கு எடுத்தது. மறுவருஷத்துக்குப் பின் சிப்பி பொய்த்துவிட்டது. பார்களைக் குத்தகைக்கு எழுதலாம்; சிப்பியிடம் யார் கையொப்பம் வாங்குவது?

வுல்ஃபும் தனியாக வீடு பிடித்தவரல்லர். யாழ்ப்பாணக் கோட்டை மதிலின்மேல் இருந்த ஒரு பங்களாவில், சதர்ன் என்ற சக உத்தியோகத்தரோடு சேர்ந்தே குடியிருந்தார். வுல்ஃப் கொண்டுவந்த சீதனமோ சார்ள்ஸ் என்றொரு நாயும், பெட்டிகள் நிறைய வோல்டயரின் கிரந்தங்களும். புத்தகப் பித்தரோடு ஒரே கூரையின்கீழ் வசிப்பது எத்தகைய தபசு என்பதை என் வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள். சதர்னோ அதையும் சகித்து, நாயையும் சகித்து, பிற்காலத்தில் ஹொங்கொங்கின் குடியேற்றச் செயலாளராகவும் காம்பியாவின் தேசாதிபதியாகவும் உயர்ந்தார். அதற்கு முன்பே, தம்பி வுல்ஃபைப் பார்க்க இலங்கைக்கு வந்த தமக்கை பெல்லா, இங்கேயே மணம்புரிந்து, இத்தீவைச் சுற்றிப் பார்ப்பதற்கு 1914-இல் ஒரு வழிகாட்டி நூலும் எழுதி, முதற்கணவரை இழந்திருந்த நிலையில், 1921-இல் அதே சதர்னைக் கைப்பிடித்தார். வோல்டயரைச் சகித்தவருக்கு வழிகாட்டி நூல் எம்மாத்திரம்!