உலைவாயில் தீர்த்தம்

சென்ற ஆயுத பூஜையன்று ஒரகடம் பக்கத்தில் அலுமினியம் உருக்கி வார்க்கும் ஒரு பட்டறையில் நடந்த சங்கதியொன்று நம் காதுக்கு வந்தது. இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் அப்பி, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து முடிந்த பின்பு, பூஜை செய்ய வந்த ஐயர் செம்புத் தீர்த்தத்துடன் உலையண்டை போய், அக்கினி பகவானுக்கும் கொஞ்சம் தெளிக்க வேண்டுமென்று கையை ஓங்கினாராம். அங்கே காண்ட்ராக்டில் வேலை செய்யும் வாலிபர் ஒருவர் குறுக்கே நின்று, "சாமி, உள்ளே உலோகம் உருகிக் கிடக்குது, தண்ணி படக்கூடாதுங்க" என்று தடுத்திருக்கிறார். அதற்கு அவர் பெற்ற சம்மானம், அபசகுனம் பிடித்தவன் என்கிற பட்டமும், மறுநாள் முதல் வேலைக்கு வரவேண்டாம் என்கிற உத்தரவுமேயாகும்.

தோழர்களே! இதில் யார் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்கு வேதம் பார்க்க வேண்டியதில்லை. உஷ்ணமானியைப் பார்த்தால் போதும். அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும். வார்ப்பதற்கு அதற்கும் மேலே சூடேற்றுவார்கள். தண்ணீரோ 100 டிகிரியிலேயே ஆவியாகி விடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். மேலே விழுந்த சொட்டு துள்ளித் தெறிப்பதோடு போனாலும் போகலாம். ஆனால் உலோகத்துக்கு அடியில் சிக்கிக்கொண்ட தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் அவ்வளவு இடத்தையும் கேட்டு, மேலே கிடக்கும் உலோகத்தையெல்லாம் வாரி இறைத்து விடும். ஈரமான பழைய தகரத்தை உலையில் போட்டாலும், ஈரக் கரண்டியை விட்டாலும் இதே கதிதான். செம்பு கவிழ்ந்திருந்தால் ஐயரும் வெந்திருப்பார். அவருடைய உயிரையும் சேர்த்தே அந்த வாலிபர் காப்பாற்றினார் என்பது நமது அபிப்பிராயம்.

அக்கினி என்று ஒரு ஆசாமி உலைக்குள் உட்கார்ந்திருக்கிறாரா? உஷ்ணம் என்பது பொருளில் உள்ள துகள்களின் ஆட்டமே தவிர வேறல்ல. சினிமாக் கொட்டகையில் அவரவர் நாற்காலியில் அமர்ந்து காலை மட்டும் ஆட்டிக் கொண்டிருக்கும் ஜனங்களைப் போன்றது திடப்பொருள். இடைவேளையில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நகரும் கூட்டம் திரவம். ஆட்டம் விட்டதும் வெளியே வந்து ஆளுக்கொரு திக்காய்ப் போய்விட்டால் அது வாயு. சூடு ஏற ஏற ஆட்டம் வலுக்கிறது, பிடி தளருகிறது. இவ்வளவுதான் சங்கதி.

இந்தப் பிடி தளர்வதை அளந்து தெரிந்து கொண்டவன் என்ன சாதித்திருக்கிறான் என்பதை ஸ்ரீபெரும்புதூரிலேயே பார்க்கலாம். அங்கே 2000-ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் கண்ணாடித் தொழிற்சாலை நடக்கிறது. மணலைத் தனியே உருக்க 1,700 டிகிரி வேண்டும். சோடா உப்பைச் சேர்த்தால் அதைவிடக் குறைவான சூட்டிலேயே உருகி விடுகிறது. சுண்ணாம்புக் கல்லும் சேர்த்து 1,500 டிகிரிக்கு மேல் உருக்கிய அந்தக் குழம்பை, உருகிய வெள்ளீயத்தின்மேல் எண்ணெய் போல மிதக்க விடுகிறார்கள். ஏன் வெள்ளீயம்? அது 232 டிகிரியில் உருகிவிடும். ஆவியாகிக் கொதிக்கவோ 2,600 டிகிரி வேண்டும். ஆகவே 1,000 டிகிரிக்கு மேல் வந்து விழும் கண்ணாடி 600 டிகிரிக்கு ஆறி வெளியேறும் வரையில் அடியில் வெள்ளீயம் திரவமாகவே கிடக்கிறது. கண்ணாடியைவிடக் கனமாகவும் இருக்கிறது. கண்ணாடிக்கு ஐஸ்கட்டியைப் போல இன்ன டிகிரியில் உறையும் என்ற கணக்குக் கிடையாது. பாகு இறுகுவது போல மெல்ல மெல்லத்தான் இறுகும். இம்முறையை இங்கிலாந்தில் பில்கிங்டன் என்பவர் பல வருஷம் கெட்டுக் கெட்டுப் பார்த்து, 1959-இல் உலகுக்கு அறிவித்தார். எந்த ரிஷியும் கனவில் வந்து சொல்லவில்லை.

நிற்க. இன்னும் சூடேற்றினால் என்ன ஆகும்? துகள்கள் பிரிவதோடு நில்லாமல் அணுவே தன் எலக்ட்ரானை இழந்து விடும். ஒரகடத்து வண்டிக் கம்பெனிகளில் வெல்டிங் மின்வில்லாகக் கண்ணைப் பறிப்பது இந்த நாலாவது நிலைதான். கண்ணாடி உலையில் போகும் சுண்ணாம்பிலுள்ள அதே கால்சியம் சூரியனிலும் இருக்கிறது. அங்கே அது எலக்ட்ரானை இழந்து நிற்கிறது. அந்தக் கால்சிய ஒளியிலேதான் நமது கொடைக்கானலில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்திருக்கிறார்கள். எவ்வளவு சூட்டில், எவ்வளவு குறைந்த அழுத்தத்தில், எத்தனை அணுக்கள் இப்படி உடையும் என்று 1920-இல் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் மேகநாத் சாகா.

அவர் யார்? 1893-இல் டாக்கா ஜில்லாவில் ஒரு சின்ன மளிகைக் கடைக்காரருக்குப் பிறந்தவர். கல்கத்தாவில் படிக்கப் போனபோது, தாழ்ந்த சாதி என்று விடுதியில் மேல்சாதிப் பிள்ளைகள் கூட உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். நட்சத்திரத்தின் சூட்டை அளக்கப் போகிறவரின் எச்சில் அவர்களைச் சுட்டு விடுமாம்! பிறகு பேர் பெற்று ஊர் வந்தபோது ஒரு வக்கீல், நீ என்ன புதிதாய்க் கண்டாய் என்று கேட்டு, சாகா விளக்கியதும், இதெல்லாம் வேதத்தில் இருக்கிறதே என்றாராம். எந்த இடத்தில் என்று கேட்டதற்கு வக்கீலிடம் பதில் இல்லை. அவர் வேதம் படித்ததே இல்லை. சாகாவோ பல வருஷம் அந்நூல்களைத் தேடிப் படித்தும் ஒன்றும் காணவில்லையென்று வங்காளிப் பத்திரிகையிலே எழுதினார்.

ஒரகடத்து வாலிபர் சாகாவைப் படித்தவரல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி சொன்ன, "ஈரம் ஆகாது" என்கிற ஒரே பாடத்தை மறக்காதவர், அவ்வளவே. அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்ததும் அதே பட்டறைதான். அதை நிறைவேற்றியவரை வெளியே நிறுத்தியதும் அதே பட்டறைதான். காண்ட்ராக்ட் ஆள் என்பதால் கேட்க நாதியில்லை என்று நிர்வாகத்தார் நினைக்கிறார்கள் போலும். அவரைப் போன நாட்களின் கூலியோடு திரும்ப வேலைக்கு அழைக்க வேண்டும். வருகிற ஆயுத பூஜைக்கு உலையைச் சுற்றிக் கயிறு கட்டி, தண்ணீர்ச் செம்போடு எவரும் அதைத் தாண்டக்கூடாதென்று தமிழில் பலகை எழுதி மாட்ட வேண்டும்.