கூரை ஒழுகினா காசும் ஒழுகும்: ஷீட் வீட்டு ஓனர்களுக்கு ஒரு கணக்கு



நம்ம சேனல்ல எஸ்ஐபி, தங்கம், டேர்ம் இன்சூரன்ஸ்னு நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு கூரையைப் பத்தி பேசப் போறோம். பர்சனல் ஃபைனான்ஸ்ல கூரைக்கு என்ன வேலைன்னு உங்களுக்குத் தோணலாம். ஓசூர் சிப்காட்டைச் சுத்தி, பாகலூர் ரோடு, மத்திகிரி, ஜூஜூவாடி, சூளகிரி பக்கமெல்லாம் ஒரு நடை போய்ப் பாருங்க. மொட்டை மாடியில ஷீட் போட்ட ரூம், வரிசையா லைன் வீடு, சின்ன ஒர்க்‌ஷாப். பல குடும்பங்களுக்கு மாசாமாசம் வர்ற வாடகை அந்த ஷீட்டுக்குக் கீழே இருந்துதான் வருது. அப்போ அந்த ஷீட்தான் அவங்களோட முக்கியமான முதலீடு. அதை எத்தனை பேர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏறிப் பார்க்கிறோம்?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஷீட் கூரை ஒழுகல்ங்கிறது பெரும்பாலும் பெரிய செலவு இல்லை. சின்னச் செலவைத் தள்ளிப் போட்டு, அப்புறம் தப்பான இடத்துல பெரிய செலவு பண்றதுதான் நம்மளைக் கவுக்குது. கூரைக்குன்னு மாசம் ஒரு சின்னத் தொகை ஒதுக்குங்க. அதை முதல்ல பூச்சுக்குச் செலவு பண்ணாதீங்க, ஓட்டையைக் கண்டுபிடிக்கச் செலவு பண்ணுங்க.

ஒழுகுறது ஷீட் இல்லை, ஓட்டை

தகர ஷீட்டோட நடுப்பகுதி அவ்வளவு சீக்கிரம் ஒழுகாது. ஒழுகுற இடங்கள் நாலே நாலுதான்: ஸ்க்ரூ அடிச்ச இடம், ஒரு ஷீட் மேல இன்னொரு ஷீட் ஏறுற இடம், ஷீட்டும் சுவரும் சேர்ற இடம், அப்புறம் பைப், வெளிச்சத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் ஷீட் மாதிரி நடுவுல நுழைச்ச பொருள்கள்.

600 சதுரடி ஷீட் கூரையில ஸ்க்ரூக்களை எண்ணிப் பாருங்க. இடைவெளியைப் பொறுத்து 200 பக்கம் வரும். அதாவது, நாமளே காசு கொடுத்துப் போட்ட 200 ஓட்டை. அந்த ஓட்டையையும் மழையையும் பிரிச்சு வெச்சிருக்கிறது ஸ்க்ரூ தலைக்குக் கீழே இருக்கிற ஒரு சின்ன ரப்பர் வாஷர்.

அந்த வாஷருக்கு நம்ம ஊர்ல வேலை ஜாஸ்தி. ராத்திரி 20 டிகிரியில இருக்கிற ஷீட், மத்தியான வெயில்ல 60 டிகிரியைத் தொடலாம். இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர்ல 0.012 மில்லிமீட்டர் நீளும். 20 அடி ஷீட்டுக்குக் கணக்குப் போட்டா, 40 டிகிரி வித்தியாசத்துல கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். தினமும் நீண்டு தினமும் சுருங்குது. ஸ்க்ரூ அதே இடத்துல நிக்குது, ஷீட் நகருது. சில வருஷத்துல ஓட்டை பெருசாகுது, வாஷர் வெடிக்குது, தண்ணி இறங்குது.

எவ்வளவு தண்ணின்னு பார்ப்போமா? ஒரு சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் மழை பெய்ஞ்சா 1 லிட்டர். 600 சதுரடிங்கிறது சுமார் 56 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழைக்கு 2,800 லிட்டர். 500 லிட்டர் டேங்க் அஞ்சரை டேங்க் தண்ணி உங்க கூரை மேல ஓடுது. அதுல நூத்துல ஒரு பங்கு உள்ளே வந்தாலே 28 லிட்டர், ரெண்டு குடம்.

பூச்சு அடிக்கிறது ஏன் முதல் வேலை இல்லை

ஒழுகுதுன்னு சொன்ன உடனே நம்ம கிட்ட வர்ற முதல் யோசனை, "மேல மொத்தமா வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சிடலாம் சார், பத்து வருஷ கேரண்டி."

கோட்டிங் கெட்டதுன்னு நான் சொல்லலை. வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே சூடு குறையும், ஷீட் நீண்டு சுருங்குறதும் குறையும். பிரச்னை வரிசையிலதான். லூசான ஸ்க்ரூ மேலேயும் துரு மேலேயும் பூச்சு அடிச்சா, ஷீட் அசையும்போது அந்தப் பூச்சு அதே இடத்துல வெடிக்கும். அடுத்த மழைக்குத் திரும்ப ஒழுகும். முன்னாடி ஓட்டை கண்ணுக்குத் தெரிஞ்சது, இப்போ பூச்சுக்குக் கீழே ஒளிஞ்சிருக்கும்.

கேரண்டி பேப்பரையும் படிங்க. பொருளுக்கு மட்டுமா, கூலிக்கும் சேர்த்தா? ஒழுகினா வந்து பார்ப்பாங்களா, இல்லை டப்பா மட்டும் கொடுப்பாங்களா? எழுத்துல இல்லாத கேரண்டிக்கு மதிப்பு பூஜ்யம்.

ஓட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறது

சொட்டுற இடத்துக்கு நேர் மேல ஓட்டை இருக்கும்னு நம்பாதீங்க. தண்ணி ஷீட்டோட அடிப்பக்கத்துலயும் கம்பியிலயும் ஓடி வந்து, தனக்குத் தோதான இடத்துல சொட்டும். ஓட்டை பெரும்பாலும் சரிவுல மேல்பக்கம் இருக்கும்.

ரெண்டு பேர் போதும். ஒருத்தர் மேல ஹோஸ் பிடிக்கணும், ஒருத்தர் உள்ளே டார்ச்சும் சாக்பீஸும் வெச்சுக்கணும். சரிவோட கீழ்ப்பக்கத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிஷம் தண்ணி விட்டு, மெதுவா மேலே போங்க. மேல இருந்து ஆரம்பிச்சா எந்த ஓட்டைன்னே தெரியாது.

இன்னொரு விஷயம். பனிக்காலத்துல மழையே இல்லாம விடியக்காலையில ஷீட் சொட்டுதா? அது ஒழுகல் இல்லை. சமையல் ஆவியும் மூச்சுக்காத்தும் குளிர்ந்த ஷீட்ல பட்டு வேர்க்குது. அதுக்கு எந்தக் கோட்டிங்கும் உதவாது. காத்து வெளியே போக ஜன்னல், வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன்தான் மருந்து. இதை ஒழுகல்னு நினைச்சுப் பூச்சுக்குக் காசு கொடுத்தா அத்தனையும் வீண்.

சரி செய்யற வரிசை

1. துருப்பிடிச்ச, லூசான ஸ்க்ரூவைக் கழட்டிட்டு புது ரப்பர் வாஷரோட புது ஸ்க்ரூ போடுங்க. ஓட்டை பெருசாகியிருந்தா ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ. வாஷர் லேசா பிதுங்குற அளவுக்கு மட்டும் முறுக்கணும். ஜாஸ்தி முறுக்கினா ரப்பர் கிழியும்.

2. ஷீட் மேல ஷீட் ஏறுற இடத்துல குறைஞ்சது 150 மில்லிமீட்டர், அதாவது அரை அடி ஏறியிருக்கான்னு பாருங்க. இடுக்குல பியூட்டைல் டேப் ஒட்டி இறுக்குறது, வெளியே பசையைப் பிதுக்கிவிடுறதை விட நீடிக்கும்.

3. ஷீட்டும் சுவரும் சேர்ற இடத்துல வெறும் சிலிக்கானை நம்பாதீங்க. சுவர்ல காடி வெட்டி, தகர மடிப்பை உள்ளே செருகிப் பூசச் சொல்லுங்க.

4. சிலிக்கான் வாங்கினா நியூட்ரல் டைப் கேளுங்க. வினிகர் வாசனை அடிக்கிற வகை, ஷீட் மேல இருக்கிற துத்தநாகப் பூச்சை அரிக்கும். பழைய சிலிக்கான் மேல புதுசு சரியா ஒட்டாது, பெயிண்டும் ஒட்டாது. சுரண்டி எடுத்துட்டுத்தான் அடிக்கணும்.

5. இதெல்லாம் முடிஞ்ச பிறகு, காசு இருந்தா, பூச்சு.

சிமெண்ட் ஷீட்னா ரொம்ப கவனம். அது உடையும், கூரையில இருந்து விழுந்து உயிர் போகும். நேரா கால் வைக்காம, கீழே கம்பி போற இடத்துல பலகை போட்டுத்தான் நடக்கணும். பழைய ஷீட்ல ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. உலர்ந்த நிலையில தேய்க்கவோ அறுக்கவோ விடாதீங்க. மிச்சம் பிடிக்கிற காசு எதுவும் ஒரு ஆளோட உயிருக்குச் சமம் இல்லை.

இப்போ காசுக் கணக்கு

உதாரணத்துக்கு நாலு ரூம், ஒரு ரூமுக்கு மாசம் ரூ.5,000 வாடகைன்னு வெச்சுக்குவோம். உங்க தொகையைப் போட்டுப் பார்த்துக்கோங்க.

வருஷ வாடகை ரூ.2,40,000. கட்டின சொத்து வரி ரூ.4,000ன்னா மிச்சம் ரூ.2,36,000. வருமான வரிக் கணக்குல இதுல 30 சதவீதம், ரூ.70,800, கழிவாக் கிடைக்கும். நீங்க ரிப்பேருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணலைன்னாலும் கிடைக்கும். ஒரு லட்சம் செலவு பண்ணாலும் அவ்வளவுதான். வீட்டைப் பராமரிக்க ஆகுற செலவை மனசுல வெச்சு கொடுக்கிற கழிவு அது. நம்மள்ல பல பேர் கழிவை மட்டும் எடுத்துக்கிட்டு பராமரிப்பை மறந்துடறோம்.

வாடகையில வெறும் 2 சதவீதம் கூரைக்குன்னு ஒதுக்குங்க. வருஷத்துக்கு ரூ.4,800, மாசம் ரூ.400. தனியா ஒரு ஆர்டி போட்டுடுங்க. மூணு வருஷத்துல வட்டி இல்லாமலே ரூ.14,400. இப்போ இதைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க: ஒழுகுதுன்னு ஒரே ஒரு ரூம் ஒரு மாசம் காலியாக் கிடந்தா நஷ்டம் ரூ.5,000. ஒரு வருஷத்துக் கூரை நிதியை விட அதிகம்!

இன்சூரன்ஸ் பார்த்துக்கும்னு நினைக்காதீங்க. பாரத் கிருஹ ரக்‌ஷா பாலிசியில தீ, புயல், வெள்ளம் எல்லாம் இருக்கு. டேங்க், பைப் வெடிச்சுத் தண்ணி வந்தாலும் இருக்கு. வாஷர் பழசாகி ஒழுகுறது அந்தப் பட்டியல்ல இல்லை.

டூரிஸ்ட் வேனும் கேரவனும் வெச்சிருக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான். வண்டிக் கூரையும் ஒரு ஷீட்தான். கேரியர் போல்ட், ஏசி யூனிட், மேல்ஜன்னல் ரப்பர், பாடி ஜாயிண்ட், இந்த நாலு இடத்துலதான் தண்ணி இறங்கும். ரோட்டுக் குலுக்கல் வேற சேர்றதால வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்க்கணும். மோட்டார் இன்சூரன்ஸும் தேய்மானத்துக்குப் பணம் தராது.

கீழே படுத்திருக்கிறது யாரு?

கடைசியா, பணக் கணக்குல வராத ஒண்ணு. அந்த ரூம்ல இருக்கிறது பெரும்பாலும் வேற மாவட்டத்துல இருந்தும் வேற மாநிலத்துல இருந்தும் கம்பெனி வேலைக்கு வந்த பசங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து படுக்கிற பாய் நனைஞ்சிருக்கும். பெட்டியில வெச்ச ஐடிஐ சர்டிஃபிகேட் ஊறியிருக்கும். சண்டை போட மாட்டாங்க, மாசக் கடைசியில சொல்லாம காலி பண்ணிடுவாங்க. ஓனருக்கு வாடகை போனதுதான் தெரியும், காரணம் தெரியாது.

தண்ணி லைட் ஹோல்டர் வழியா இறங்கினா அது உயிர் ஆபத்து. அந்த லைனை உடனே ஆஃப் பண்ணணும். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒண்ணு போட்டு வைங்க. தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2017ல இயற்றி 2019ல அமலுக்கு வந்தது. வாடகைக்கு இருக்கிறவர் சேதப்படுத்தினதைத் தவிர, கட்டட ரிப்பேர் ஓனர் பொறுப்புன்னு அதோட அட்டவணையிலயே இருக்கு. "இருக்கிறவங்க பார்த்துக்கட்டும்"னு கை கழுவ முடியாது.

கூரை ஏறி கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம்னு ஒரு பழமொழி இருக்கே, அது நம்ம முதலீட்டுக்கும் பொருந்தும். மிட்கேப்பா ஸ்மால்கேப்பான்னு மணிக்கணக்கா யோசிக்கிற நாம, மாசம் 20,000 தர்ற கூரை மேல ஒரு மணி நேரம் செலவு பண்றதில்லை.

நம்ம பக்கம் ஏப்ரல், மே மாசத்துலயே காத்தும் ஆலங்கட்டியுமா கோடை மழை ஆரம்பிச்சிடும். அப்புறம் தென்மேற்கு, அதுக்கப்புறம் வடகிழக்கு. கூரை வேலைக்கு நமக்குக் கிடைக்கிற உலர்ந்த காலம் ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும்தான். காலைப் பனி காய்ஞ்சு ஷீட் உலர்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்க. மழை வந்த பிறகு கூப்பிட்டா மேஸ்திரி கேட்கிறதுதான் ரேட்.

இந்த மாசமே அந்த ரூ.400 ஆர்டியைத் தொடங்கிடுங்க. உங்க ஏரியாவுல ஸ்க்ரூ மாத்துற கூலி என்னன்னு கீழே சொல்லுங்க, மத்தவங்களுக்கும் உதவும்.