உப்பு – தேவையான அளவு

மூன்று வருஷம் முன்னால், மைத்துனர் பெண் கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது தலைக்கு 'கருப்பு ஹென்னா' போட்டுக்கொண்டேன். டப்பாவின் மேல் பச்சை இலைப் படம், 'ஹெர்பல்' என்று கொட்டை எழுத்து. முகூர்த்தத்தன்று காலையில் கண்ணாடியில் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி, காது மடல் தடித்து, நெற்றி ஓரமெல்லாம் நீர் கோத்து... வீடியோக்காரர் நாகரிகமானவர். கடைசி வரை கேமராவை என் பக்கம் திருப்பவே இல்லை.

தோல் டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். ''மருதாணி என்றைக்காவது கருப்பா செவந்து பார்த்திருக்கீங்களா சார்?''

பார்த்ததில்லை. மருதாணியில் இருக்கிற லாஸோன் என்கிற சாயம் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் போகும். அவுரி இலைப் பொடியை மேலே போட்டால் கருப்பு வரும். ஆனால் அதற்கு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அரை மணியில் கருகருவென்று ஆகிறது என்றால் உள்ளே வேலை பார்ப்பது பாராபினைலின்டையமின். சுருக்கமாக பி.பி.டி. வீட்டுக்கு வந்து டப்பாவைத் தேடி எடுத்தேன். பக்கவாட்டில், எறும்பு சைஸ் ஆங்கிலத்தில், அந்தப் பெயர் இருந்தது. படிக்காதது என் தப்பு. என்னைக் கடித்த பாம்பு பெயர் சொல்லிவிட்டுத்தான் கடித்திருக்கிறது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

புண் ஆறியதும் பேட்ச் டெஸ்ட் செய்தார்கள். முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன வட்டங்களை ஒட்டிவிட்டு, 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படாமல் இரு என்பார்கள். சென்னை மே மாதத்தில் இது சாதாரண தண்டனை இல்லை. எனக்கு பி.பி.டி. சிவந்தது எதிர்பார்த்ததுதான். கூடவே இன்னொரு வட்டமும் சிவந்தது: வாசனைக் கலவை. அதில் என்னவெல்லாம் இருக்கும் என்று கேட்டேன். கிராம்பில் இருக்கும் யூஜெனால், பட்டையில் இருக்கும் சின்னமால், ரோஜா வகையறாவில் இருக்கும் ஜெரானியால்... பிரியாணி மசாலா மாதிரி இருக்கிறதே என்றேன். அந்தப் பரிசோதனைப் பட்டியலில் பார்த்தீனியச் செடியே இருக்கிறது என்றார் டாக்டர். எதெல்லாம் ஆகாது என்று ஒரு கார்டில் எழுதிக் கொடுத்து, ''இனிமே எதை வாங்கினாலும் இதோட ஒப்பிட்டுப் பாருங்க'' என்றார்.

நானும் உற்சாகமாகத்தான் கிளம்பினேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: 'கெமிக்கலே வேணாம், மூலிகைக்கு மாறிடு.' மாறினேன். ஆயுர்வேத ஷாம்பு. பத்து நாளில் உச்சந்தலை மறுபடி எரிச்சல், செதில், பின்கழுத்தில் தடிப்பு. இந்த முறை உஷாராக கார்டை எடுத்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பினேன்.

'ஒவ்வொரு 10 மி.லி.யிலும்: செம்பருத்தி 50 மி.கி., கரிசலாங்கண்ணி 60 மி.கி., நெல்லி 50 மி.கி., வெந்தயம் 40 மி.கி., கற்றாழை 50 மி.கி., ஷாம்பு பேஸ் – கியூ.எஸ்.'

நான் பி.காம். கண்ணில் பட்ட பத்தியைக் கூட்டாமல் விட மாட்டேன். மூலிகை மொத்தம் 250 மில்லிகிராம். பத்து மி.லி. ஷாம்பு சுமார் பத்து கிராம், அதாவது 10,000 மில்லிகிராம். மூலிகை இரண்டரை சதவீதம். மிச்சம் தொண்ணூற்றேழரை சதவீதம் அந்த 'கியூ.எஸ்.'

கியூ.எஸ். என்றால் வேறொன்றுமில்லை, சமையல் குறிப்புகளில் நாம் தினம் பார்க்கிற 'தேவையான அளவு'தான். உப்பு தேவையான அளவு என்று போட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பொங்கலுக்குக் குறிப்பு எழுதி, மிளகு, சீரகம், முந்திரியை எண்ணிச் சொல்லிவிட்டு, 'அரிசியும் பருப்பும் நெய்யும் – தேவையான அளவு' என்று எழுதுகிறவரை என்ன செய்வது? ஒரு கம்பெனி தன் வரவு செலவில் பியூன் சம்பளத்தையும் காபிச் செலவையும் பைசா சுத்தமாகக் காட்டி, மீதித் தொண்ணூற்றேழரை சதவீதத்தை 'இதர செலவுகள்' என்று போட்டால், எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

மூலிகைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியிருக்கிறார்கள், கொஞ்சம் போதும் என்பார்கள். போதட்டும். என் சந்தேகம் அந்தக் கொஞ்சத்தின் மேல் இல்லை, மிச்சத்தின் மேல். நுரை வருவதற்கு ஒன்று, கெடாமல் இருப்பதற்கு ஒன்று, மணப்பதற்கு ஒன்று – எல்லாம் பேஸுக்குள்தான். என் கார்டில் இருக்கிற பெயர்கள் இருந்தால் அங்கேதான் இருக்கும். நல்ல தோல்காரனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. கார்டு வைத்திருக்கிறவனுக்கு மொத்த விஷயமே இதுதான்.

கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். ''சார், நூறு சதவீதம் நேச்சுரல், சைடு எஃபெக்ட்டே கிடையாது'' என்றது ஒரு இனிமையான பெண் குரல். தம்பட்டம் வேண்டாம்மா, பேஸில் என்ன இருக்கிறது என்றேன். ''அது கம்பெனி ரகசியம் சார்'' என்றார். நூறு சதவீதம் இயற்கை, ஆனால் ரகசியம்.

இது எப்படி நடக்கிறது? 1940-ம் வருஷத்து மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்கீழ் ஒரு ஷாம்பு இரண்டு வாசல் வழியாக வரலாம். காஸ்மெடிக் என்று வந்தால், 2020-ல் வந்த காஸ்மெடிக்ஸ் விதிகள்படி உள்ளே இருப்பதை லேபிளில் பட்டியல் போட வேண்டும். ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவை அளவில் பெரியதிலிருந்து சின்னது என்ற வரிசையில். என் ஹென்னா டப்பா பெயர் சொல்லிக் கடித்தது இந்த வாசலில் வந்ததால்தான். ஆயுர்வேத மருந்து என்று வந்தால், மூலிகையை மில்லிகிராம் கணக்கில் சொல்லி, பேஸை ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்கிற வழக்கம் தாராளமாக நடக்கிறது. ஆக, எனக்கு ஜன்மப் பகையான பி.பி.டி. டப்பா நேர்மையானது, இலைப் படம் போட்ட மருந்து ஷாம்பு அழுத்தமானது. இந்த முடிவுக்கு வருவதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

மருந்தா, அழகுப் பொருளா என்ற சண்டைக்குப் பின்னால் பெரும்பாலும் இருந்தது வரி. ஒரு பிரபல ஆயுர்வேதக் கம்பெனி தன் செந்நிறப் பல்பொடியை மருந்து என்று வாதாட, 1995-ல் உச்ச நீதிமன்றம் 'இது பல்பொடிதான்' என்றது. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் ஆயுர்வேத மருந்துக்கு 12 சதவீதம், ஷாம்புவுக்கு 18 (முதல் சில மாதங்கள் 28) என்று வித்தியாசம் இருந்தது. 2025 செப்டம்பரில் இரண்டையும் 5 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். வரி வித்தியாசம் போய்விட்டது. கியூ.எஸ். மட்டும் அப்படியே இருக்கிறது.

'பேரபென் இல்லை' என்று பெருமையாகப் போடுகிறார்களே, அதையும் நம்பித் தொலைத்தேன். தண்ணீர் கலந்த எந்தப் பொருளும் கெடாமல் இருக்க ஏதோ ஒன்று வேண்டும். மேல்நாட்டில் பேரபெனைத் துரத்திவிட்டுப் பல கம்பெனிகள் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற ஒன்றைத் தூக்கிப் போட, ஊரெல்லாம் அலர்ஜி. அமெரிக்கத் தொடுதோல் அழற்சி சங்கம் 2013-ல் அதை 'அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. அதே சங்கம் 2019-ல் பேரபென்களுக்கு ஒரு விநோதமான பட்டம் கொடுத்தது: 'ஒவ்வாமை அல்லாத பொருள்.' இல்லாததைச் சொல்வது சுலபம். இருப்பதைச் சொல்லச் சொன்னால்தான் ரகசியம் குறுக்கே வருகிறது.

ஐரோப்பாவில் வாசனைப் பொருட்களில் 26-ஐப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று 2005-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. 2023-ல் அந்தப் பட்டியலை எண்பதுக்கு மேல் நீட்டிவிட்டார்கள். அவற்றில் பல செடிகொடிகளில் இருப்பவைதான். லாவெண்டரின் லினலூல், எலுமிச்சைத் தோலின் லிமோனீன். காற்றுபட்டுப் பழசானால் இவை தோலுக்கு ஆகாதவையாக மாறுகின்றன. நம் ஊரில் பெரும்பாலான பாட்டில்களில் 'பர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லோடு ஜோலி முடிகிறது.

'பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்கிறீரா?' என்று அடுத்த வாரம் கடிதம் வரும். இல்லை சாமி. பாட்டிக்கு எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தெரியும். காஞ்சொறியைக் கண்டால் ஒதுங்கத் தெரியும். கற்றாழையை வெட்டினால் அந்த மஞ்சள் பால் வடிந்து போகிற வரை காத்திருந்து, அலசிவிட்டுத்தான் தொடுவாள். சேராங்கொட்டை தோலைக் கொப்பளிக்க வைக்கும் என்று தெரிந்துதான் சித்த மருத்துவத்தில் அதற்குச் சுத்தி முறை வைத்திருக்கிறார்கள். சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்க மாட்டார்கள். செடி என்றாலே சாது என்று எந்தச் சித்தரும் சொல்லவில்லை. சொன்னது விளம்பரக் கம்பெனி.

இப்போது என் தலைக்கு செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், வாசனை சேர்க்காதது. முடியிலிருந்து புரதம் போவதை அது குறைக்கிறது என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. (செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு பெரிய கம்பெனியின் ஆய்வகத்தினர். அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?) எண்ணெயைப் போக்க வீட்டில் அரைத்த சீயக்காய். கண்ணில் பட்டால் உயிர் போகிறது. ஆனால் அது சீயக்காய் என்று எனக்குத் தெரியும்.

நான் கேட்பது தடையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. மருந்து வாசலில் வந்தாலும் காஸ்மெடிக் வாசலில் வந்தாலும், தலையில் தேய்க்கிற பாட்டிலில் பேஸைப் பிரித்துப் பெயர் போடு என்று ஒரு வரி விதி. ஆயுஷ் அமைச்சகத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன், கம்பெனிக்கும் எழுதினேன், கார்டின் ஜெராக்ஸோடு.

கம்பெனியிடமிருந்து போன வாரம் பதில் வந்தது. கூரியரில் ஒரு பெட்டி. 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஓர் அச்சடித்த அட்டை, அன்பளிப்பாக மூன்று மூலிகைக் குளியல் சோப்பு. ஒன்றை எடுத்து உறையைத் திருப்பிப் பார்த்தேன். வேம்பு, மஞ்சள், துளசி, எல்லாம் மில்லிகிராமில்.

சோப் பேஸ் – கியூ.எஸ்.