இரவு விளக்கும் கரைமடியும்: கடல் தகராறில் நியாயம் எந்தப் பக்கம்?

ஸ்ரீவராகத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் கடல். வலியதுறை, பீமாபள்ளி, பூந்துறைக் கரைகளில் விடியலில் ஏலம் போகும் மீன்தான், சற்று நேரத்தில் மணக்காடு, அட்டக்குளங்கரைப் பக்கத்துத் தெருக்களுக்குக் கூடையில் வருகிறது. கூடை காலியாக வரும் நாட்களில் காரணம் கேட்டால், இரவில் விளக்குப் போட்டு வெளிப்படகுகள் வாரிக்கொண்டு போய்விட்டன என்ற பதில் வருவதுண்டு. அந்தப் பதிலின் வாலில், அவை தமிழ்நாட்டுப் படகுகள் என்ற சொல்லும் சில வேளைகளில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இங்கே அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இந்தச் சொல் சங்கடமானது. கடலுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுங்குவதா, ஊர்க்காரர்கள் என்று வக்காலத்து வாங்குவதா என்ற குழப்பம் எழுகிறது. தகராறின் வேரைப் பார்த்தால் இரண்டுக்குமே அவசியமில்லை என்பது விளங்கும்.

கரையில் காத்திருப்பவர்

திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை, கொல்லம் போலவோ கொச்சி போலவோ விசைப்படகுகள் நிறைந்த கரை அல்ல. கட்டுமரம், வள்ளம், தூண்டில், கரைமடி ஆகியவைதான் இங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழில். கரைமடியை இங்குள்ளவர்கள் கம்பவலை என்கிறார்கள். வடத்தின் ஒரு முனையைக் கரையில் நிறுத்திவிட்டு, வள்ளத்தில் போய் வலையை வளைவாக இறக்கி, மறுமுனையோடு கரை திரும்புவார்கள். பிறகு இரண்டு அணிகளாக நின்று வலையைக் கரைக்கு இழுப்பார்கள். கடலுக்குள் போக வலுவில்லாத வயதானவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இவர்களைத் தவிர, பாறை மீதும் பாலத்தின் மீதும் இரவில் தூண்டில் போட்டு நாலு மீன் பிடிப்பவர்களும் உண்டு.

இந்தக் கரைக்காரர்களுக்கு வேறு இடிகளும் விழுந்துள்ளன. கடலரிப்பால் வலை இழுக்க மணல் இல்லாமல் போன இடங்கள் பல. 1956ல் கட்டிய வலியதுறைக் கடற்பாலத்தின் ஒரு பகுதி 2024ல் சரிந்தது. மழைக்காலத்தில் அலை முறியும் இடத்தைத் தாண்டிக் கடலில் இறங்க இந்தப் பாலமே கைகொடுத்து வந்தது.

படகுக்காரர் மீன் இருக்கும் இடத்தைத் தேடிப் போகலாம். கரைமடிக்காரரோ மீன் தன்னிடம் வரும்வரை காத்திருக்க வேண்டியவர். அவர் வலை எட்டும் தூரத்துக்கு வருமுன் மீனை ஒருவர் வழிமறித்தால், அவருக்கு வேறு கடல் கிடையாது. இரவுத் தகராறின் வேர் இதுதான்.

விளக்கு செய்யும் வேலை

மீனும் கணவாயும் வெளிச்சத்தை நாடும் என்பது பழைய அறிவு. பெட்ரோமாக்ஸ் விளக்கோடு தொழில் செய்தவர்கள் முன்பும் இருந்தார்கள். ஆனால் ஜெனரேட்டரில் எரியும் எல்.இ.டி. விளக்குகளின் கதை வேறு. பரந்து திரியும் மீன்கூட்டத்தையே ஓரிடத்தில் திரட்டி, குஞ்சும் குருமனும் சேர்த்து அள்ள அவை உதவுகின்றன. அதனால்தான் 2017 நவம்பரில் மத்திய அரசு, எல்.இ.டி. உள்ளிட்ட செயற்கை வெளிச்சத்தில் மீன் பிடிப்பதையும், இரண்டு படகுகள் ஜோடி சேர்ந்து ஒரே மடியை இழுப்பதையும் தடை செய்தது. கேரளக் கரைக்கடலிலும் இது குற்றமே.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மீன் குறைந்ததற்கெல்லாம் விளக்கு காரணமல்ல. கேரளத்தில் 2012ல் சுமார் 3.9 லட்சம் டன் கிடைத்த சாளை, 2021ல் 3,300 டன்னுக்கும் கீழே இறங்கியது. கடல் வெப்பமும் பருவநிலை மாற்றமும் இதில் பெரும் பங்கு வகித்தன என்பது நிபுணர்கள் கருத்து. பின்னர் சாளை மீண்டு, ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் மீன் குறைந்த காலத்தில்தான் எஞ்சியதைப் பங்கிடும் சண்டை கடுமையாகிறது. அப்போது முதலில் நஷ்டப்படுபவர் கரைக்காரர்.

சட்டம் வந்த வரலாறு

இந்தச் சண்டை புதிதல்ல. 1952ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, நார்வே உதவியுடன் கொல்லம் நீண்டகரையில் தொடங்கிய திட்டம் விசைப்படகுகளைக் கொண்டுவந்தது. ஏற்றுமதி இறாலுக்கு நல்ல விலை கிடைத்ததும் இழுவைமடிகள் பெருகிக் கரையை நெருங்கின. வலைகள் அறுந்தன, படகுகள் எரிந்தன. அதன் விளைவே 1980ன் கேரள கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையோரக் கடல் நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது. இரவில் இழுவைமடி போடுவது தடுக்கப்பட்டது.

ஏட்டில் இருந்த சட்டம் கடலுக்கு வர, தோமஸ் கோச்சேரி அடிகளார் போன்றோர் முன்னின்ற உண்ணாவிரதங்களும் மறியல்களும் தேவைப்பட்டன. பாலகிருஷ்ணன் நாயர் குழுவுக்குப் பின் 1988ல் மழைக்கால இழுவைமடித் தடை வந்தது. இப்போது அது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 நள்ளிரவு வரை 52 நாட்கள். கரைக்கடலில் சுருக்குவலை போன்றவற்றுக்குக் கேரளம் விதித்த தடையை 1993ல் சுப்ரீம் கோர்ட்டும் ஏற்றது. சிறு தொழிலாளியின் பிழைப்பைக் காக்கச் சர்க்கார் குறுக்கிடலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மொழிச் சண்டை அல்ல

விழிஞத்தில் உள்ள கடல் அமலாக்கப் பிரிவிடம் பிடிபடும் படகுகளில் குமரி மாவட்டத்திலிருந்து வந்தவையும் உண்டு. கேரளத்திலேயே பதிவானவையும் உண்டு. குளச்சல், தேங்காப்பட்டணம் பகுதிகளிலிருந்து வரும் படகுக்குக் கடலில் எல்லைக்கல் தெரிவதில்லை. 1956 நவம்பர் 1 வரை இது ஒரே ராஜ்யத்தின் கடல்தான். அதனால் விதி மீறலாம் என்று ஆகிவிடாது. குமரிக் கரையில் கட்டுமரக்காரர்களும் விசைப்படகுகளை எதிர்த்து இதே புகாரைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். 1983ன் தமிழ்நாட்டுச் சட்டமும் விசைப்படகுகள் கரையை ஒட்டிய கடலில் தொழில் செய்யக் கூடாது என்கிறது. விடிகாலை 5 மணிக்குப் பின் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்றும் சொல்கிறது.

இன்னும் தெளிவான சாட்சி பாக் நீரிணை. ராமேசுவரம் பக்கத்து இழுவைமடிகள் இரவில் எல்லை தாண்டும்போது அறுபடுவது யாழ்ப்பாணம், மன்னார் தமிழர்கள் விரித்த வலைகள். இலங்கை 2017ல் இழுவைமடியையே சட்டத்தால் தடுத்தது. இரு தரப்பும் பேசுவது ஒரே தமிழ். ஆனாலும் தகராறு அதேதான். மொழி ஒன்றானாலும் வேறானாலும், பெரிய வலை சின்ன வலையின் எல்லைக்குள் இரவில் நுழைந்தால் சண்டை மூளும்.

வழி என்ன?

ராமநாதபுரத்தில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுகளுக்கு. குறைகள் இருந்தாலும், ஒரே கடலில் இரு தொழிலும் பிழைக்க நாளைப் பிரித்தது நடைமுறைக்கு உகந்த யோசனை. 2023 ஜனவரியில் தமிழ்நாட்டின் சுருக்குவலை வழக்கில் சுப்ரீம் கோர்ட் போட்ட இடைக்கால உத்தரவும் இதே பாதையில் சென்றது. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று தூரம், நாள், நேரம் மூன்றையும் அது வகுத்தது.

திருவனந்தபுரம் கடலுக்கும் இம்மூன்றும் பொருந்தும். கரைமடி எட்டும் கடலில் இரவில் எந்தப் படகும் விளக்குப் போடக் கூடாது. மீறினால் பதிவு எண் எந்த மாநிலத்தது என்று பாராமல் ஒரே தண்டனை வேண்டும். கரைக்கடல் மாநிலங்களின் அதிகாரம், அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு என்றிருப்பதால், ரோந்தும் தகவலும் இரு மாநிலங்களும் மத்திய அரசும் கைகோக்காமல் பயன் தராது. கரைமடிக்காரரும் குஞ்சு மீனை அள்ளும் சிறு கண்ணி வலையைக் கைவிட வேண்டும். கடனில் படகு வாங்கியவருக்கும், அதில் கூலிக்குப் போகும் ஏழைக்கும் ஆழ்கடல் தொழிலுக்கு உதவி தர வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் மீண்டும் கரைக்கே வருவார்கள்.

அதுவரை, இது தமிழ்நாட்டுப் படகின் குற்றம் என்று யாராவது சொன்னால், இங்குள்ள தமிழர் கோபப்படவும் வேண்டாம், தலைகுனியவும் வேண்டாம். குற்றம் விளக்குப் போட்ட படகினுடையது. நஷ்டம் விடியலில் வெறும் வடத்தை இழுப்பவருடையது. கொல்லங்கோட்டுக்கு இப்பால் ஆனாலும் அப்பால் ஆனாலும், நியாயம் அவர் பக்கமே.