பழி சுமந்த சென்சார்

நாடி பிடித்துப் பார்க்காமலே மருந்து எழுதித் தரும் வைத்தியரிடம் நாம் இரண்டாம் முறை போவோமா? மாட்டோம். ஆனால் காருக்கு நோய் வந்தால் மட்டும் அப்படிப்பட்ட வைத்தியத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். கேட்டால், ‘கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது’ என்கிறார்கள். கம்ப்யூட்டர் உண்மையில் என்ன சொன்னது என்பதுதான் என் கேள்வி.

என் சித்தப்பா வாடகைக் கார் ஓட்டுகிறார். சென்ற ஆண்டு அவருடைய வண்டி தொல்லை கொடுக்கத் தொடங்கியது. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் என்ஜின் நெடுநேரம் வெறுமனே சுற்றி, பிறகே உயிர் பெறும். மஞ்சள் விளக்கு ஒன்று எரியும், சில நாளில் தானே அணையும், மறுபடியும் எரியும். பட்டறையில் ஸ்கேனரைச் செருகினார்கள். ‘பி 0340’ என்று வந்தது. “காம்ஷாப்ட் சென்சார் போயிடுச்சுண்ணே, மாத்திடலாம்” என்றார்கள். மாற்றினார்கள். ரூ. 2,800. ஒன்பதாம் நாள் அதே விளக்கு! “இந்தச் சென்சாரும் டூப்ளிகேட் போல” என்று இன்னொன்று போட்டார்கள். ரூ. 3,400. அதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. அந்த மாதம் வண்டியின் தவணை கட்ட, சித்தி தன் வளையலை அடகு வைத்தார்.

இங்கே கொஞ்சம் பௌதிகம் பேச அனுமதி வேண்டும். நான்கு வீச்சு என்ஜினில் கிராங்க் ஷாப்ட் இரு முறை சுற்றினால் காம்ஷாப்ட் ஒரு முறை சுற்றும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்பதைக் கிராங்க் சென்சார் சொல்லிவிடும். ஆனால் அது அமுக்க வீச்சின் முடிவா, புகை வெளியேற்றும் வீச்சின் முடிவா என்பதை அது அறியாது. அந்த ஐயத்தைத் தீர்ப்பது காம்ஷாப்ட் சென்சார்தான். அந்தச் செய்தி வராமற் போனால், பல என்ஜின்களில் கம்ப்யூட்டர் தடுமாறித் தடுமாறித்தான் பற்ற வைக்கும். சித்தப்பாவின் வண்டி நெடுநேரம் சுற்றியதன் மர்மம் இதுவே.

ஆனால் செய்தி வரவில்லை என்றால் அனுப்பியவனே குற்றவாளியா? தபால் வராவிட்டால், எழுதியவர் எழுதவில்லை என்று முடிவு கட்டலாமா? பி 0340 என்ற குறிக்குப் பொருள், ‘காம்ஷாப்ட் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு’ என்பது. அந்தச் ‘சர்க்யூட்’ என்ற சொல்லைத்தான் பட்டறையில் யாரும் படிக்கவில்லை. சென்சார், மூன்று ஒயர்கள், பிளக்கு, மறுமுனையில் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்ததே சர்க்யூட். இவற்றில் எது கெட்டாலும் சென்சாரின் பெயர்தான் அடிபடும். டைமிங் செயின் தளர்ந்து, பற்கள் வேளை தவறி வந்தாலும் இதன் பக்கத்து எண் ஒன்று வந்து இதே சென்சாரின் மேல் பழி போடக்கூடும்.

கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சிறு கடை வைத்திருக்கும் வயதான எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனோம். அவரிடம் ஸ்கேனர் இல்லை. பழைய மல்டிமீட்டர் ஒன்று உண்டு. சென்சாரின் பிளக்கைக் கழற்றிச் சாவியைப் போட்டார். முதல் ஒயரில் 5 வோல்ட், சரி. இரண்டாவது எர்த், அதுவும் சரி. மூன்றாவது செய்தி ஒயர். கம்ப்யூட்டரே அதில் 5 வோல்ட் நிறுத்தி வைத்திருக்கும். சென்சார் அதை விட்டு விட்டுப் பூஜ்யத்துக்கு இழுப்பதுதான் செய்தி. மீட்டர் 5 காட்டியது. “தம்பி, அந்த ஒயர்க் கட்டை மெள்ள ஆட்டு” என்றார். ஆட்டினேன். 5 பூஜ்யமாயிற்று, விட்டதும் 5. சென்சாரைத்தான் கழற்றி வைத்திருக்கிறோமே! பிறகு அதன் மேல் எப்படிப் பழி போடுவது? என்ஜினை ஒட்டிய ஒரு தகட்டில் உரசி உரசி, ஒயரின் தோல் தேய்ந்து, உள்ளே இரண்டு மூன்று செம்பு இழைகளே பிடித்துக்கொண்டிருந்தன. பற்றவைத்து உறை போட்டுத் தள்ளிக் கட்டினார். அரை மணி நேரம். கூலி ரூ. 300.

பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 6,200 ரூபாயை முணுமுணுக்காமல் எண்ணிக் கொடுத்த என் சித்தப்பா, அந்த 300 ரூபாய்க்குப் பேரம் பேசினார்! “ஒயரைத் தொட்டுப் பார்த்ததுக்கு இவ்வளவா?” என்றார். கையில் பிடிக்கும் பொருளுக்குத்தான் காசு கொடுப்போம், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மாட்டோம் என்றால், எந்தப் பட்டறைக்காரர்தாம் மீட்டரை எடுப்பார்? சோதனைக்கென்று தனிக் கூலி கேட்கும் வழக்கம் வர வேண்டும். நாமும் அதைக் கொடுக்கப் பழக வேண்டும்.

நாம் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. (ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.) விடை இவ்வளவுதான் வரும் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற அளவீடுகளை ரெக்கார்டு நோட்டில் எழுதிய கைதான் என் கையும். இத்தகைய சென்சார்களில் பெரும்பாலானவற்றுக்கு உயிர் கொடுக்கும் ஹால் விளைவை 1879இல் கண்டவர் எட்வின் ஹால். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் அப்போது நம்மைப் போல் ஒரு மாணவர், வயது 23. மாக்ஸ்வெல்லின் நூலில் படித்த ஒரு கூற்று அவருக்குச் சரியாகப் படவில்லை. மாக்ஸ்வெல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாமல், மெல்லிய தங்கத் தகட்டில் மின்னோட்டம் செலுத்திக் காந்தப் புலத்தில் வைத்து அளந்து பார்த்தார். எலெக்ட்ரான் என்று ஒன்று உண்டென்பதே அதற்கு 18 ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வந்தது.

பட்டறையில் முதலில் கழற்றிய பழைய சென்சாரைச் சித்தப்பா டாஷ்போர்டில் போட்டு வைத்திருந்தார். அதை வாங்கி வந்து, அனுமதி பெற்று நம் ஆய்வகத்தில் 5 வோல்ட் கொடுத்தேன். 5 வோல்ட் முனைக்கும் செய்தி முனைக்கும் நடுவே ஒரு கிலோ ஓம் தடையை இணைத்து, முகத்துக்கு நேரே திருப்புளியை முன்னும் பின்னும் அசைத்தேன். 5, 0, 5, 0 என்று முள் தவறாமல் ஆடியது.