மகளுக்கு ஒரு டிரேடு



மின்சார வாகன ஆலைகளில் பேட்டரி பிரிவுக்குள் நுழையும் முன் வளையல், மோதிரத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட வேண்டும். பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரு வளையல் ஒருசேரத் தொட்டால் போதும், தீப்பொறி பறந்துவிடும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சர்க்யூட் போர்டைப் பழுதாக்காமலிருக்க, மணிக்கட்டில் எர்த் வயரோடு ஒரு பட்டை கட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு ஸ்குரூவையும் எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்குக்கூட அளவு உண்டு. கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

'பெண்களுக்குப் பொறுமை அதிகம், அதனால் இந்த வேலைக்குப் பொருத்தம்' என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் மனசு ஒப்புவதில்லை. பொறுமை மட்டும் போதுமா? இது பயின்று கைவரப்பெறும் தொழில். அந்த மரியாதையோடு அழைக்கப்பட வேண்டியவர்கள் இந்த ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள்.

இந்தத் துறையில் பெண்கள் தாமதமாக வந்து சேர்ந்தவர்களும் அல்ல. மின்சார ஸ்கூட்டரை வேடிக்கையாகப் பார்த்த காலத்திலேயே, 2008-ல், கோவையில் ஆம்பியர் என்ற மின்சார ஸ்கூட்டர் நிறுவனத்தைத் தொடங்கியவர் பொறியாளர் ஹேமலதா அண்ணாமலை. பிறகு அதை கிரீவ்ஸ் காட்டன் நிறுவனம் வாங்கியது. 2021-ல் ராணிப்பேட்டையில் ஆம்பியரின் பெரிய ஆலை வந்தபோது, பணியாளர்களில் 70 சதவிகிதம் பெண்களாக இருப்பார்கள் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பகுதியில் அமைந்த ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்ற அறிவிப்பும் வந்தது.

ஆலை வாசல் திறந்தது பெரிய சந்தோஷம். ஆனால், இருபது வயதில் அசெம்பிளி லைனில் நிற்கும் பெண், கல்யாணம், குழந்தை என்று வந்ததும் வீட்டோடு நின்றுவிட்டால் அந்த வேலை வெறும் சம்பளமாகவே முடிந்துபோகும். அவள் சூப்பர்வைசராக, டிசைன் இன்ஜினீயராக, சர்வீஸ் சென்டர் முதலாளியாக உயர வேண்டும். அதற்குப் பாதுகாப்பான விடுதியும், குழந்தைகள் காப்பகமும், வேலை பார்த்துக்கொண்டே மேலே படிக்கும் வசதியும் நிறுவனங்கள் செய்துதர வேண்டும். இதைச் சலுகையாக நினைக்கக் கூடாது.

நம் பங்கும் இருக்கிறது. ஐ.டி.ஐ-யில் இன்று மின்சார வாகன மெக்கானிக் என்றே ஒரு டிரேடு உண்டு. 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐ.டி.ஐ, டிப்ளமோ சேரும் பெண்களுக்கும் மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அண்ணனுக்கு மெக்கானிக்கல், தங்கைக்கு வேறு ஏதாவது என்று பிரித்துப் பார்ப்பதை நிறுத்துவோம்.

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் ஸ்பேனரைக் கையில் எடுக்க ஆசைப்பட்டால், தயவுசெய்து தடுக்காதீர்கள். விண்ணப்பப் படிவத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்